பழைய வீட்டை விற்றால் எவ்வளவு வரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருவது என் தொழில். வீடு விற்றவர்கள் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் கிரயம் முடிந்து, பணத்தில் ஒரு பகுதி செலவும் ஆன பிறகுதான் வருகிறார்கள். வரியைக் குறைக்கும் வழிகள் பலவும் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால்தான் திறந்திருக்கும்.

கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டில் விற்ற வீடுகளுக்கானவை. பிரிவு எண்கள் எல்லோருக்கும் பழகிப்போன 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இயற்றப்பட்டது. அதில் எண்கள் வேறாக இருக்கும்.

சொந்தமா குடியிருந்த வீடுதானே சார், அதை வித்தாலும் வரியா?

ஆமாம். விற்ற பணம் முழுவதற்கும் அல்ல, அதில் இருக்கும் லாபத்துக்கு. அந்த லாபத்தைத்தான் மூலதன ஆதாயம் என்கிறார்கள். குடியிருந்த வீடு என்பதற்காக இந்தியச் சட்டம் தானாக எந்த விலக்கும் தருவதில்லை. விலக்கு வேண்டுமென்றால் லாபத்தை வேறொரு வீட்டிலோ குறிப்பிட்ட கடன் பத்திரங்களிலோ போட வேண்டும். அது பின்னால் வருகிறது.

வீடு உங்களிடம் 24 மாதத்துக்கு மேல் இருந்தால் நீண்டகால ஆதாயம். அதற்குள் விற்றால் குறுகியகால ஆதாயம். அது உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வழக்கமான விகிதத்தில் வரிக்கு உள்ளாகும், 30 சதவீதம் வரைகூடப் போகும். 24 மாதம் நிறைய இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால், விற்பதைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

நாங்க அந்த வீட்டை விட்டு வந்து பல வருஷம் ஆச்சு, வாடகைக்குத்தான் விட்டிருந்தோம். அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷமாவது குடியிருந்தாதான் சலுகைன்னு மச்சான் சொல்றாரே?

மச்சான் அமெரிக்காவில் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த விதி அங்கே உள்ளது. விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தால் 2,50,000 டாலர் வரை, கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் 5,00,000 டாலர் வரை, லாபத்துக்கு அங்கே வரி கிடையாது.

இங்கே கதை வேறு. எத்தனை வருஷம் குடியிருந்தீர்கள், எப்போது காலி செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வாடகைக்கு விட்டிருந்தாலும் பூட்டியே கிடந்தாலும், அது குடியிருப்பு வீடாக இருந்தால், லாபத்தில் வேறு வீடு வாங்குவோருக்கான 54ஆம் பிரிவின் சலுகை உண்டு. வீட்டைக் கடையாகவோ அலுவலகமாகவோ மாற்றியிருந்தால்தான் சிக்கல்.

லாபம்னா எதிலிருந்து எதைக் கழிக்கணும்?

விற்ற விலையிலிருந்து மூன்றைக் கழிக்கலாம். ஒன்று, வாங்கிய விலை. அப்போது கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதில் சேரும். இரண்டு, வீட்டை மேம்படுத்திய செலவு. மூன்று, விற்பதற்கான செலவு, அதாவது புரோக்கர் கமிஷன், வக்கீல் கட்டணம் போன்றவை. கமிஷனை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வருபவர்கள் அதிகம். வங்கி வழியாகக் கொடுத்து ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

மேம்படுத்துவது என்றால் மாடி எடுப்பது, கூடுதல் அறை கட்டுவது, போர்வெல் போடுவது, ஓட்டு வீட்டைக் கான்கிரீட் ஆக்குவது. தீபாவளிக்கு வெள்ளையடித்ததும் குழாய் மாற்றியதும் இதில் வராது. வீட்டுக் கடன் வட்டியை ஏற்கெனவே வருமானத்தில் கழித்திருந்தால், அதையே மறுபடி வாங்கிய விலையோடு சேர்க்க முடியாது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது.

அப்பா 1984ல அறுபதாயிரத்துக்கு வாங்கினது. இப்போ எழுபது லட்சத்துக்குக் கேக்கறாங்க. மீதி அவ்வளவும் லாபமா?

இல்லை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்து என்றால், வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த நியாயமான சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அறுபதாயிரத்தை மறந்துவிடுங்கள். ஆனால் அந்த மதிப்பு, அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020இல் ஒரு வரம்பு வைத்துவிட்டார்கள். அதற்கு முன் மதிப்பீட்டாளர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

எனவே முதல் வேலை, உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தத் தெருவுக்கு அல்லது சர்வே எண்ணுக்கு 2001இல் இருந்த வழிகாட்டி மதிப்பைக் கேட்டு வாங்குவது. நிலத்துக்கு அது போதும். கட்டடத்துக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள். மூலப்பத்திரம், வீட்டு வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி இருந்தால் அவருக்கு வேலை சுலபம். மஞ்சள் பையில் மடித்து வைத்த பழைய பத்திரத்தின் பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். சொத்து விவரத்தில் கட்டடத்தின் சதுர அடி எழுதியிருந்தால் அதுவே நல்ல சான்று. 2001க்கு முன் செய்த மேம்பாட்டுச் செலவைத் தனியாகச் சேர்க்க முடியாது.

12.5 சதவீதமா, 20 சதவீதமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டும் சரி. 2024 ஜூலை 23 முதல் விற்ற சொத்துகளுக்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கத்துக்காக வாங்கிய விலையை உயர்த்திக்கொள்ளும் இண்டெக்சேஷன் கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், பழைய முறையில் இண்டெக்சேஷனோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

முன் கேள்வியில் வந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். 2001 மதிப்பு 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 லட்சத்துக்கு விற்று, கமிஷன் 70,000 போனால் கையில் 69.30 லட்சம். முதல் முறையில் லாபம் 61.30 லட்சம், வரி 7,66,250 ரூபாய். இரண்டாவது முறையில், 2001-02க்கான பணவீக்கக் குறியீடு 100, 2025-26க்கு 376. எனவே 8 லட்சம் 30.08 லட்சமாக உயரும், லாபம் 39.22 லட்சம், வரி 7,84,400. இங்கே 12.5 சதவீதமே லாபம், அதுவும் மயிரிழையில். இரண்டிலும் வரித் தொகையின் மேல் போடும் 4 சதவீதம் செஸ் தனி.

இப்போது 2012-13இல் 40 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட் 80 லட்சத்துக்குப் போகிறது என்போம். முதல் முறையில் 40 லட்சம் லாபம், 5 லட்சம் வரி. அந்த ஆண்டின் குறியீடு 200. எனவே 40 லட்சம் 75.20 லட்சமாகும். லாபம் வெறும் 4.80 லட்சம், வரி 96,000. வித்தியாசத்தைப் பார்த்தீர்களா? 2001 மதிப்பைப் போல் எட்டரை மடங்குக்கு மேல் விலை போனால் 12.5 சதவீதம் நல்லது, அதற்குக் கீழே 20 சதவீதம் நல்லது என்பது பழைய வீடுகளுக்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு. விலை அதிகம் ஏறாத ஃபிளாட்டுகளுக்கு அநேகமாக 20 சதவீதம்தான். ஒன்று மட்டும்: இண்டெக்சேஷன் போட்டு நஷ்டம் வந்தால் வரி இல்லை, அவ்வளவுதான். அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

அப்பா தவறி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை. இப்போ வித்தா குறுகியகாலம்னு சொல்லுவாங்களா?

சொல்ல மாட்டார்கள். வாரிசாகவோ உயில் மூலமோ, செட்டில்மென்ட்டிலோ வந்த சொத்துக்கு, அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் காலமாகவே கணக்கிடப்படும். அவர் கொடுத்த விலைதான் உங்களுக்கும் வாங்கிய விலை. இண்டெக்சேஷனையும் அப்பா வாங்கிய ஆண்டிலிருந்து, அல்லது 2001-02 முதல், போடலாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அதன்படியே செய்து வருகிறோம். சொத்து உங்கள் கைக்கு வந்ததற்குத் தனியாக வரி எதுவும் இல்லை.

நாங்க மூணு பேர் பங்காளிங்க. அண்ணன் பேருல மட்டும் வரியைக் கட்டிட்டா போதாதா?

போதாது. ஒவ்வொருவரும் தம் பங்கின் லாபத்தைத் தம் கணக்கில் காட்ட வேண்டும். இதனால் கெடுதல் இல்லை, நன்மைதான். பின்னால் சொல்லும் கடன் பத்திர வரம்பும் வீடு வாங்கும் சலுகையும் ஆளுக்குத் தனித்தனியாகக் கிடைக்கும். வருமானமே இல்லாத தங்கைக்கு அடிப்படை விலக்கான 4 லட்சத்தை லாபத்திலேயே கழித்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆகிப் போனவர் என்று அவர் பங்கை அண்ணன் கணக்கில் சேர்த்துக் காட்டுவது சட்டப்படியும் தவறு, வரிப்படியும் நஷ்டம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தம்பி 15 லட்சம் வாங்கிக்கொண்டு, தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அது அவருக்கு விற்பனை. அவர் வரி கணக்கிட வேண்டும். உங்களுக்கோ அந்தப் பங்கு புதிதாக 15 லட்சத்துக்கு வாங்கியது. அதிலிருந்து 24 மாதத்துக்குள் முழு வீட்டையும் விற்றால், உங்கள் சொந்தப் பங்கு நீண்டகாலம், தம்பியிடம் வாங்கிய பங்கு குறுகியகாலம். பணம் வாங்காமல் விட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கைடுலைன் வேல்யூவைவிடக் குறைஞ்ச விலைக்குத்தான் போச்சு. என்ன ஆகும்?

விற்ற விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், 50சி பிரிவின்படி வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். 70 லட்சத்துக்கு விற்ற வீட்டின் வழிகாட்டி மதிப்பு 77 லட்சம் வரை இருந்தால் கவலை இல்லை. 80 லட்சம் என்றால், கைக்கு வராத 10 லட்சத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியதுதான். வாங்கியவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகிவிடும்.

சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கும் மெயின் ரோட்டு மதிப்பே போட்டிருக்கும் இடங்கள் உண்டு. நியாயமான காரணம் இருந்தால், வரி அதிகாரியிடம் மறுப்புத் தெரிவித்து, துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லலாம். அக்ரிமென்ட் போட்டு ஒரு வருஷம் கழித்துக் கிரயம் நடந்து, இடையில் வழிகாட்டி மதிப்பு ஏறியிருந்தால், அக்ரிமென்ட் தேதி மதிப்பையே எடுக்கலாம். ஆனால் அட்வான்ஸில் ஒரு பகுதியாவது அன்றைக்கோ அதற்கு முன்போ காசோலையிலோ வங்கி வழியாகவோ வந்திருக்க வேண்டும்.

வாங்கற பார்ட்டி பாதியை ரொக்கமா தர்றேங்கறார். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?

அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க முடியும். அட்வான்ஸுக்கும் இது பொருந்தும்.

அபராதத்தை விடுங்கள். ரொக்கமாக வந்த 30 லட்சத்தைக் கொண்டு வெள்ளையில் வீடு வாங்க முடியாது, கடன் பத்திரம் வாங்க முடியாது, வங்கியில் போட்டால் விளக்கம் கேட்பார்கள். 12.5 சதவீதம் வரியை மிச்சப்படுத்தப் போய், கணக்கில் காட்ட முடியாத பணத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு தவிப்பது எந்த விதத்திலும் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. அதுவும் 54ஆம் பிரிவில் வீடு வாங்கப் போகிறவருக்கு வரியே இல்லாமல் போகலாம் எனும்போது.

வித்த பணம் முழுசையும் போட்டு வேற வீடு வாங்கினாதான் வரி இல்லையா?

முழுப் பணமும் தேவையில்லை. 54ஆம் பிரிவில் லாபத்தை மட்டும் போட்டால் போதும். மேலே சொன்ன வீட்டில் 61.30 லட்சம் லாபம். அந்த விலையில் வீடு வாங்கினால் வரி பூஜ்யம். 45 லட்சத்தில் வாங்கினால் மீதி 16.30 லட்சத்துக்கு மட்டும் 12.5 சதவீதம், அதாவது 2,03,750 ரூபாய்.

விற்பதற்கு ஓராண்டு முன்னாலோ, விற்று இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதாக இருந்தால் மூன்று ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். புது வீடு இந்தியாவில் இருக்க வேண்டும். லாபம் 2 கோடிக்குள் இருந்தால், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, இரண்டு வீடுகளாகவும் வாங்கலாம். இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும். 10 கோடிக்கு மேற்பட்ட முதலீட்டுக்குச் சலுகை இல்லை, அது நம்மில் பலருக்குக் கவலை இல்லை. முழு விற்பனைப் பணத்தையும் போட வேண்டும் என்பது, காலி மனை போன்ற சொத்துகளை விற்று வீடு வாங்குவோருக்கான 54எஃப் பிரிவு. ஊரில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மனைவி பேருல வாங்கலாமா? ஏற்கெனவே இருக்கற ஹவுசிங் லோனை அடைச்சா செல்லுமா?

விற்றவர் பெயரிலேயே வாங்குங்கள், அல்லது அவர் பெயரும் சேர்ந்திருக்கட்டும். மனைவி பெயரில் வாங்கியதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது உண்டு; மாறாகத் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றமும் உண்டு. வழக்காடி ஜெயிப்பதைவிடப் பத்திரத்தில் ஒரு பெயர் சேர்ப்பது சுலபம். பிள்ளை பெயரில் மட்டும் வாங்கினால் சலுகையை மறந்துவிடுங்கள்.

எப்போதோ வாங்கிய வீட்டின் கடனை அடைப்பது புது வீடு வாங்கியதாகாது. ஆனால் விற்பதற்கு முந்தைய ஓராண்டுக்குள் கடன் போட்டு வாங்கியிருந்தால், அந்த வீட்டின் விலையையே காட்டலாம்.

மனை வாங்கிப் போட்டிருக்கேன், மெதுவா கட்டிக்கலாம்னு.

மெதுவாகக் கூடாது. மனை மட்டும் வாங்கினால் 54இல் எதுவும் கிடைக்காது. விற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அதில் வீடு கட்டி முடித்தால், மனை விலை, கட்டுமானச் செலவு இரண்டும் சேரும். பில்டரிடம் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டை புக் செய்தால், அதையும் பெரும்பாலும் கட்டுமானமாகவே பார்க்கிறார்கள். மூன்று ஆண்டு கிடைக்கும்.

ரெண்டு வருஷம் டைம் இருக்கே, அதுவரைக்கும் பணத்தை எஃப்டியில போட்டுவைக்கலாமா?

அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள், வழக்கமாக ஜூலை 31, வீட்டுக்குச் செலவாகாத லாபப் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட்டாக வேண்டும். சாதாரண எஃப்டி இதற்கு ஆகாது. இந்தத் திட்டம் 1988இல் வந்தது. கிராமக் கிளைகளில் கேட்டு அலையாதீர்கள்; நகரத்தில் உள்ள பெரிய கிளைக்குப் போங்கள். சேமிப்புக் கணக்கு மாதிரி ஏ வகை, வைப்பு மாதிரி பி வகை என்று இரண்டு உண்டு. பணம் எடுக்கவும் தனிப் படிவம் இருக்கிறது, கவுன்ட்டரில் புரியாமல் விழித்தால் மேலாளரைப் பாருங்கள்.

தேதிகளை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 2025 நவம்பர் 10இல் கிரயம் என்றால், கடன் பத்திரம் வாங்க 2026 மே 9க்குள் முடித்துவிடுவது நல்லது. மூலதன ஆதாயக் கணக்கில் போட 2026 ஜூலை 31. வீடு வாங்க 2027 நவம்பர் 10. கட்டி முடிக்க 2028 நவம்பர் 10. கெடுவுக்குள் செலவாகாத பணம், கெடு முடிந்த ஆண்டில் வரிக்கு வந்துவிடும். கணக்கை மூடப் பணம் எடுக்க வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும்.

வீடெல்லாம் வேண்டாம், பாண்டுல போட்டா போதும்னு சொல்றாங்க. லாபமா?

54இசி பிரிவில் ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற நிறுவனங்களின் பத்திரங்களில் ஆளுக்கு 50 லட்சம் வரை போடலாம். கிரயத்திலிருந்து ஆறு மாதத்துக்குள். ஐந்து ஆண்டுக்கு எடுக்க முடியாது. அடமானம் வைத்துக் கடன் வாங்கினாலும் சலுகை போய்விடும். வட்டி 5.25 சதவீதம், அதற்கும் வரி உண்டு.

50 லட்சம் லாபத்துக்கு வரியும் செஸ்ஸும் 6.50 லட்சம். அதைக் கட்டிவிட்டு மீதி 43.50 லட்சத்தை 7 சதவீத எஃப்டியில் போட்டால், தனிவட்டிக் கணக்கில் ஐந்து ஆண்டில் சுமார் 58.70 லட்சம். பாண்டில் 50 லட்சமும் போட்டால் சுமார் 63.10 லட்சம். ஆக, 12.5 சதவீதம் முழுதாக விழும் ஆளுக்கு பாண்டே மேல். ஆனால் எழுபத்தைந்து வயதுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை ஐந்து வருஷம் பூட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மேலே பார்த்த ஃபிளாட் மாதிரி வரியே 96,000தான் என்றால், இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்காமல் பாண்டு வாங்கவே போகாதீர்கள்.

பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு பட்ஜெட்ல சொன்னாங்களே?

அது புதிய வரி முறையில் 87ஏ பிரிவின் தள்ளுபடி. வீடு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அது கிடையாது. அதைவிட வலிப்பது இன்னொன்று. லாபத்தையும் சேர்த்து மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால், ஓய்வூதியத்துக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியும் அந்த ஆண்டு போய்விடும். 9 லட்சம் ஓய்வூதியம் வாங்குபவர், நிலைக்கழிவு 75,000 போக, வழக்கமாக ஒன்றும் கட்ட மாட்டார். வீடு விற்ற ஆண்டில் அந்த ஓய்வூதியத்துக்கு மட்டும் 22,500 ரூபாயும் செஸ்ஸும் கட்டுவார்.

வாங்கறவர் ஒரு சதவீதம் பிடிச்சுக்கிட்டார். அதுதானே வரி, கணக்கு முடிஞ்சுதா?

முடியவில்லை. விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து, உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அது முன்கூட்டிக் கட்டிய தொகை, அவ்வளவுதான். அவரிடம் படிவம் 16பி வாங்கிக்கொள்ளுங்கள். பான் எண்ணில் ஒரு எழுத்து மாறினால் உங்கள் பணம் வேறு யார் கணக்கிலோ உட்கார்ந்திருக்கும். வழக்கமான எளிய படிவமான ஐடிஆர்-1இல் இதைக் காட்ட முடியாது. தொழில் வருமானம் இல்லாதவருக்கு ஐடிஆர்-2.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். தாம்பரம் வீட்டை விக்கணும். எனக்கும் இதே கணக்குதானா?

பாதி இதே. 54, 54இசி சலுகைகள் உங்களுக்கும் உண்டு. ஆனால் 20 சதவீத இண்டெக்சேஷன் தேர்வு கிடையாது, 12.5 மட்டும்தான். அடிப்படை விலக்கை லாபத்தில் கழிக்கவும் முடியாது.

பெரிய தலைவலி டிடிஎஸ். உங்களிடம் வாங்குபவர் பிடிக்க வேண்டியது 1 சதவீதம் அல்ல, 12.5 சதவீதமும், அதன் மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் செஸ்ஸும். லாபம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாததால், நடைமுறையில் முழு விலைக்கும் பிடித்துவிடுகிறார்கள். இதைத் தவிர்க்க, கிரயத்துக்கு முன்பே படிவம் 13இல் விண்ணப்பித்து, குறைந்த டிடிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கைக்கு வராமல் பதிவுத் தேதி குறிக்காதீர்கள். பணம், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு வரும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம்.

வீட்டை விக்கலை, பில்டர்கிட்ட ஜாயின்ட் வென்ச்சர் கொடுத்திருக்கோம். ரெண்டு ஃபிளாட்டும் கொஞ்சம் பணமும் தர்றார்.

இதுவும் விற்பனைதான், நிலத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து ஃபிளாட் வாங்குகிறீர்கள். 45(5ஏ) பிரிவின்படி, ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருந்தால், வரி கையெழுத்துப் போட்ட ஆண்டில் அல்ல. கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்த ஆண்டில். அன்றைக்கு உங்கள் ஃபிளாட்டுகளின் முத்திரை மதிப்பும் ரொக்கமும் சேர்ந்தது விற்ற விலை. ரொக்கத்துக்கு பில்டர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். சான்றிதழ் வருவதற்கு முன் உங்கள் பங்கு ஃபிளாட்டை விற்றால், அந்த ஆண்டிலேயே வரி விழும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வெறும் நோட்டரி கையெழுத்தோடு விட்டவர்களுக்கு இந்த ஒத்திவைப்பு கிடைக்காது.

சலுகை வாங்கி வாங்கின புது வீடு பிடிக்கலை. வித்துடலாமா?

மூன்று ஆண்டு பொறுங்கள். அதற்குள் விற்றால், முன்பு விலக்குப் பெற்ற தொகையைப் புது வீட்டின் விலையிலிருந்து கழித்துவிடுவார்கள். 45 லட்சம் விலக்குப் பெற்று 45 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 50 லட்சத்துக்கு விற்றால், வாங்கிய விலை பூஜ்யம், லாபம் 50 லட்சம்.

வித்ததை எங்கேயும் காட்டலை. அவங்களுக்கு எப்படித் தெரியும்?

30 லட்சமும் அதற்கு மேலுமான கிரயங்களைப் பதிவு அலுவலகமே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கிறது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம். நோட்டீஸ் வருவதற்கு முன் என்றால், கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது விற்ற நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்ததிலிருந்து 48 மாதம் வரை வாய்ப்பு உண்டு. நோட்டீஸ் வந்துவிட்டால் பதில் போடாமல் இருப்பதுதான் மிக மோசமானது. பதில் இல்லாவிட்டால் அதிகாரி தம்மிடம் உள்ள தகவலை வைத்து முடித்துவிடுவார். வாங்கிய விலையே கழிபடாமல் போகலாம்.

அம்மா வீட்டை வித்து, மூலதன ஆதாயக் கணக்குல பணம் போட்டாங்க. வேற வீடு வாங்கறதுக்குள்ள தவறிட்டாங்க. அந்த வரியை நாங்க கட்டணுமா?

வேண்டியதில்லை. மத்திய நேரடி வரிகள் வாரியம் 1996 மே 6ஆம் தேதியிட்ட 743ஆம் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கெடு முடிவதற்குள் கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால், செலவாகாத தொகை வாரிசுகள் கையில் வருமானம் ஆகாது. அவர் விட்டுச் சென்ற சொத்தின் ஒரு பகுதியாகவே வரும். கணக்கை மூடுவதற்கு வாரிசுகள் படிவம் எச் கொடுக்க வேண்டும், அதற்கும் வரி அதிகாரியின் ஒப்புதல் தேவை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு சுற்றறிக்கையின் நகலையும் எடுத்துப் போங்கள்.